கடல் கடந்த நாடுகளில் தடைச் சட்டம்



எங்கள் ராயகிரி மலையடிவாரத்து ஊர். மடையை இறுக அடைத்தாலும், கரையிலுள்ள நண்டு வளையைக் கவனியாது விட்டால் குளத்தில் நீர் நில்லாது என்பதை இங்கே சிறுவனும் அறிவான். உலக நாடுகள் கூடி ஒரு நாட்டின்மீது விதிக்கும் வணிகத் தடையும் இத்தகையதே.

ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை விதிக்கும் கட்டாயத் தடை அரசுகளைக் கட்டுப்படுத்தும். ஆனால், தூத்துக்குடியில் சரக்கேற்றும் வணிகரை அது நேரே தண்டியாது. அந்தந்த நாடு தன் சட்டத்தால் அதற்கு உயிர் கொடுத்தல் வேண்டும். நம் நாட்டில் இதற்கென்றே 1947ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன்படி மத்திய அரசு அரசிதழில் ஆணை வெளியிட்டுத் தடையை நடைமுறைப்படுத்தலாம்.

அவ்வாறாயின், ஒரு நாட்டுக்கு உட்பட்ட, கடலுக்கு அப்பாலுள்ள ஆட்சிப் பகுதிகளின் நிலை என்ன? நான் மாணவனாயிருந்தபோது படித்த நிலப்படத்தில் ரொடீஷியா என்றொரு நாடு இருந்தது. இன்று அது ஜிம்பாப்வே. பிரிட்டனின் குடியேற்றமாகிய அந்நாட்டில், 1965 நவம்பர் 11 அன்று வெள்ளையர் சிறுபான்மை அரசு தானே விடுதலை அறிவித்துக்கொண்டது. பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு அதில் உரிய பங்கில்லை. 1966 டிசம்பரில் பாதுகாப்புச் சபை தன் வரலாற்றிலேயே முதன்முறையாகக் கட்டாயப் பொருளாதாரத் தடை விதித்தது. 1968இல் அதனை மேலும் விரிவாக்கியது.

ரொடீஷியாவுக்குக் கடற்கரை கிடையாது. அண்டையிலிருந்த மொசாம்பிக்கோ போர்ச்சுகலின் கடல் கடந்த ஆட்சிப் பகுதி. அங்குள்ள பெய்ரா துறைமுகத்திற்கு வெளியே பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் 1966 முதல் 1975 வரை காவல் நின்றன. எண்ணெய்க் கப்பலைத் தடுப்பதே அவற்றின் பணி. இதில் வேடிக்கை என்னவென்றால், தெற்கே லொரென்சோ மார்க்கிஸ் துறைமுகம் திறந்தே கிடந்தது! போர்ச்சுகல் தடையை ஏற்கவில்லை; ஆகவே அங்கிருந்து இரயிலில் எண்ணெய் சென்றது. தென்னாப்பிரிக்காவும் கைகொடுத்தது. பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் இதில் தொடர்பிருந்ததை 1978இல் பிங்ஹம் விசாரணை அறிக்கை வெளிப்படுத்தியது. மொசாம்பிக் 1975இல் விடுதலை பெற்று, மறு ஆண்டு மார்ச்சில் தன் எல்லையை மூடிய பின்னரே அவ்வழி அடைபட்டது. இடைப்பட்ட பத்தாண்டும் துன்புற்றவர் அக்கறுப்பின மக்களே.

இன்று பிரிட்டன், தன் தடைகளைக் கடல் கடந்த பகுதிகள் பெரும்பாலானவற்றிற்கு அரசவை ஆணைகளால் விரிவாக்குகிறது. பெர்முடாவும் ஜிப்ரால்ட்டரும் தத்தம் சட்டங்களைத் தாமே இயற்றிக்கொள்கின்றன. இப்போது கசிவது எண்ணெயன்று, பணம். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவு செய்யப்பெற்ற கம்பெனிகள் அங்கு வாழும் மக்களினும் பன்மடங்கு. அவற்றின் உண்மை உடைமையாளர் யாவர் என்று தேடிக் காணும் பொறுப்பு, நம் பக்கத்துச் சிறு நகரொன்றின் அளவே மக்களைக் கொண்ட அத்தீவுகளின் அலுவலர்களைச் சார்ந்திருக்கிறது.