பெரட்டுக் களத்திலிருந்து கைப்பேசி வரை

சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில் என் அம்மா பால்மரம் வெட்டினார். காய்ச்சல் கண்ட நாளிலும் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார். வேலை செய்யப் போவதில்லை, தமக்கு முடியவில்லை என்று காட்டத்தான் போவார். லயத்து வீட்டிலேயே படுத்துவிட்டால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று விழும். நேரில் போய் நின்றால், வேலை வாங்கும் மண்டோர் முகத்தைப் பார்ப்பார். மனம் இருந்தால், "போ, டிரசரைப் பாரு" என்பார். மனம் இல்லாத நாளில், "நிரையை முடிச்சிட்டுப் போ" என்பார். அப்படி ஒரு நாள் முடித்துவிட்டு வந்தவர், பால் கொட்டகை வாசலில் வாளியோடு விழுந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

பெரட்டு என்பது 'பரேட்' என்ற சொல் நம் வாயில் அடைந்த உருவம். பட்டாளத்துச் சொல் தோட்டத்துக்கு வந்தபோது பட்டாளத்து ஒழுங்கும் கூடவே வந்தது. துரை, சின்ன துரை, கிராணி, கங்காணி, மண்டோர் என்று மேலிருந்து கீழே ஒரு வரிசை. நோயாளியின் பேச்சு இத்தனை படிகளையும் ஏறித்தான் மேலே போக வேண்டும்.

பிரிட்டிஷ் பட்டாளத்தில் உடம்பு முடியாத சிப்பாய் காலையில் 'சிக் பரேட்'டில் நிற்க வேண்டும். மருத்துவர் பார்த்துவிட்டு, 'மருந்தும் பணியும்' என்று இரண்டு சொல் எழுதிவிட்டால் மாத்திரையை விழுங்கிவிட்டு அவன் வேலைக்குத் திரும்ப வேண்டும். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் கிடந்தவர்களுக்கு இந்த இரண்டு சொல்லும் நன்றாகத் தெரியும். தோட்டத்து மருத்துவ உதவியாளரான எங்கள் டிரசரும் அதே வழிதான். கக்கத்தில் தெர்மாமீட்டர், புட்டியில் மருந்துத் தண்ணீர், பிறகு ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்துதான் ஒரு குடும்பத்தின் அன்றைய கூலியைத் தீர்மானித்தது.

அதற்கும் முந்தைய காலம் இன்னும் கொடியது. மலேரியா வாட்டிய நாளில் பெரட்டுக் களத்திலேயே கொயினா கொடுத்துக் குடிக்க வைத்தார்கள். பத்து காஜா அருகே கெல்லி ஸ்மித் என்ற துரை தம் மாளிகையைக் கட்டிக்கொண்டிருந்தபோது தமிழ்த் தொழிலாளர்களிடையே ஸ்பானிஷ் காய்ச்சல் பரவியது. அவர்கள் துரையிடம் போய் அம்மனுக்கு ஒரு கோயில் கேட்டார்கள் என்றும், அவர் கட்டிக் கொடுத்தார் என்றும் பேராக்கில் இன்றும் சொல்கிறார்கள். அந்த மாரியம்மன் கோயில் கூரையில் சாமி உருவங்களோடு துரையின் உருவமும் நிற்கிறது. சொன்னதைக் காதில் வாங்கிய ஒரு துரைக்கு நம்மவர் காட்டிய நன்றி அது. காதில் வாங்கியவர்கள் எவ்வளவு குறைவு என்பதும் அதிலேயே தெரிகிறது.

யாருமே காதில் வாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சயாம் மரண ரயில் காட்டியது. 1942-43இல் ஜப்பானியப் படை 415 கிலோமீட்டர் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனது. அங்கே நோயில் விழுந்தவனுக்குச் சோறும் குறைந்தது. அதே காட்டில் உழன்ற வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்கு அவர்களுடைய பட்டாளத்து மருத்துவர்களாவது உடன் இருந்தார்கள். 'இவனால் எழ முடியாது' என்று அதிகாரியிடம் மன்றாடி, அடியும் வாங்கி, சிலரைக் காப்பாற்றினார்கள். நம்மவர்களுக்கு அப்படிப் பேச ஆளில்லை. கைதிகளைவிட நம்மவர்கள் அதிகமாக மாண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பேச ஆள் வந்தது பிறகுதான். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. அடுத்த ஆண்டே வேலைச் சட்டம் வந்தது. தோட்ட மருத்துவ உதவியாளர் முறைப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 1965இல் தனிச் சட்டமே வந்தது. மண்டோரின் மனநிலையில் தொங்கிக்கொண்டிருந்த ஒன்று மெல்ல மெல்ல உரிமையாக மாறியது.

இன்று அந்த உரிமைக்குக் கணக்கு இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டு நிறைந்தால் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. மருத்துவமனையில் சேர்ந்தால் 60 நாள்; 2023 ஜனவரி முதல் அது இந்தக் கணக்குக்கு வெளியே தனியாகவே கிடைக்கிறது. விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். அந்த 'முயன்றிருக்க வேண்டும்' என்ற சொல்லை நான் பெரிதாக மதிக்கிறேன். காய்ச்சலில் எழுந்து நிற்க முடியாதவனின் நிலையை எண்ணிப் பார்த்த யாரோ எழுதிய சொல் அது.

கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் புந்தோங்குக்கும் வந்து சேர்ந்தோம். என் அக்காள் மகன் இப்போது ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவனுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும்.

ஒரு நாள் அவன் வீட்டில் தங்கியிருந்தேன். விடியற்காலை அதே ஐந்தரை மணிக்கு அவன் கைப்பேசியில் வாட்ஸ்அப் செய்தி வந்தது: "போஸ், டெமாம்." முதலாளி, காய்ச்சல் என்று மலாயில் இரண்டே சொல். மருமகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எம்.சி. மானா?" என்று தட்டினான். எம்.சி., அதாவது மருத்துவச் சான்றிதழ், எங்கே என்று கேட்டது குற்றமில்லை. ஆள் குறைந்தால் லைன் நிற்கும், மேலே பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான். ஆனால் அந்தப் பையனுக்கு கிளினிக் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். கையில் பணம் இருக்கிறதா? 14 நாள் கணக்கு தனக்கும் உண்டு என்று யாராவது அவனிடம் சொல்லியிருக்கிறார்களா?

அவன் பாட்டி பால் கொட்டகை வாசலில் விழுந்த கதையை மருமகனிடம் அன்றுதான் முதன்முறையாகச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரி மாமா" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்து அந்தப் பையனைக் கூப்பிட்டான். எவ்வளவு காய்ச்சல், சாப்பிட்டாயா, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். ஹாஸ்டலில் இருந்த இன்னொருவனிடம் சொல்லி கிளினிக்குக்கு அனுப்பி வைத்தான். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். எம்.சி.யின் படம் பத்து மணிக்கு வந்து சேர்ந்தது.

லுமுட் கடற்படைத் தளத்தில் சீருடை அணிந்த நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொழிற்சாலைகளிலும் பாதுகாவல் நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் நம்மவர்கள் நாலு பேரை வேலை வாங்கும் இடத்தில் இருக்கிறார்கள். மண்டோரின் முன்னால் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மண்டோரின் இடத்தில் இருக்கிறோம். பொய் சொல்லி விடுப்பு எடுப்பவன் அன்றும் இருந்தான், இன்றும் இருப்பான். அவனைப் பிடிக்க எம்.சி. இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். அவனை நினைத்துக்கொண்டு உண்மையிலேயே விழுந்து கிடப்பவனைச் சந்தேகிக்க வேண்டாம்.

உங்களுக்குக் கீழே வேலை செய்யும் ஒருவர் நாளை விடியலில் 'முடியவில்லை' என்று செய்தி அனுப்பினால், முதலில் உடம்புக்கு என்ன என்று கேளுங்கள். எம்.சி.யைப் பிறகு கேட்கலாம். தெரிவிப்பதற்கே சட்டம் 48 மணி நேரம் கொடுத்திருக்கிறது.