முனியாண்டி விலாஸின் கொல்லைப்பக்க வாசல்

முனியாண்டி விலாஸ் கடைக்கு இரண்டு வாசல். ரோட்டைப் பார்த்த வாசலில் கல்லா, சாமி படம், ஊதுபத்தி, சோம்புத் தட்டு. சந்தைப் பார்த்த வாசலில் விறகு, தண்ணீர் டிரம், வெங்காய மூட்டை, ஒரு பூனை. (அந்தப் பூனைக்குத் தெரியாத கடை ரகசியம் ஒன்றும் கிடையாது.) ஆயுசு முழுக்க முன்வாசலோடு திரும்பிவந்தவன் நான். சேலத்தில் ஒரு கடை முதலாளி, "சும்மா உள்ளே போய்ப் பாருங்களேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். விடுவேனா!

எங்கள் சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு என் பரபரப்பு புரியும். மலையில் என்ன இல்லை? 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி இருக்கிறது. காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக் கொடி சுற்றிக் கிடக்கிறது. குளிர் வேறு, பசியைக் கிள்ளிவிடும். ஆனால் இலை போட்டு, சுடச்சுட சோறு கொட்டி, பக்கத்தில் சுக்கா வைக்கும் கடை என்றால் என் கட்சி ஒன்றுதான்: 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கு, சேலத்துக்குப் போ. அமெரிக்காக்காரனுக்குத் தெருமுனை ஸ்டேக் ஹவுஸ் என்னவோ, நமக்கு அதுதான் முனியாண்டி விலாஸ். கறிக்காகவே ஒரு கடை, பழைய பெஞ்சு, மாறாத மெனு, வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே ஆர்டர் சொல்லும் சப்ளையர்.

நான் போனபோது விடிந்தும் விடியாமலும் இருந்தது. "பார்த்துண்ணே, தரை வழுக்கும்" என்று வரவேற்றார் சரக்கு மாஸ்டர். குழம்பும் வறுவலும் அவர் ராஜ்யம். பரோட்டா மாஸ்டர் வேறு, அவர் சாயங்காலம்தான் வருவார். இருவரும் ஒருவர் அடுப்பை மற்றவர் தொடுவதில்லை. இந்திய-சீன எல்லை தோற்றது.

கறி வந்து இறங்கியது, இன்னும் உடம்புச் சூடு ஆறாமல். சேலத்துக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். பக்கத்திலேயே மேச்சேரி. அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய செம்மறி இனம், இளம்பழுப்பு நிறம், குட்டை ரோமம், கிடாவுக்கும் கொம்பு கிடையாது. கறிக்கென்றே வளர்க்கும் ஆடு. தோலுக்கும் தனி கிராக்கி. இந்தப் பக்கம் வெள்ளாடு வேண்டுமென்றால் சேலம் கருப்பு ஆடு, தலை முதல் வால்வரை கன்னங்கரேல். ஆக, வாசலிலேயே இரண்டு கட்சி. "வறுவலுக்கு வெள்ளாடு, பிரியாணிக்குச் செம்மறி" என்று நான் எனக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டேன். மாஸ்டர் சிரித்தார். "ஆடு எதுன்னாலும் இளசா இருக்கணும்ணே. அப்புறம் பேசலாம்."

புளியமரக் கட்டையில் வெட்டு ஆரம்பித்தது. அரை அடிக்கு மேல் தடிமன், நடுவில் வருஷக்கணக்கான வெட்டில் குழிந்த பள்ளம். கத்தி விழுகிற சத்தத்தை வைத்தே எந்த இடம் வெட்டுப்படுகிறது என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. தொடைக்கறி சுக்காவுக்கு. நெஞ்செலும்பும் கழுத்தும் குழம்புக்கு, கொழுப்பும் எலும்பும் சேர்ந்தால்தான் குழம்பு கனக்கும். விலா சாப்ஸுக்கு. நல்லி எலும்பு தனியாக ஒரு கிண்ணத்தில் போனது. யாருக்கு என்று கேட்டேன். "ரெகுலர் ஆளுங்க இருக்காங்க" என்று மட்டும் பதில் வந்தது. அந்தப் பட்டியலில் இடம் பிடிக்க என்ன செய்ய வேண்டுமோ, அதைச் செய்ய நான் தயார்.

பிறகு ஈரல், மூளை, குடல், தலைக்கறி. எல்லாவற்றுக்கும் மேலே சுவரொட்டி, அதாவது மண்ணீரல், ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான். ரத்தசோகைக்கு நல்லது என்று பாட்டிமார் சொல்லி அனுப்பி, டிபன் பாக்ஸோடு வந்து நிற்பவர்கள் இன்னும் உண்டு. ஸ்டேக் ஹவுஸ்காரன் மாட்டின் முதுகிலும் இடுப்பிலும் நாலு துண்டு எடுத்து அதற்குப் பெரிய பெரிய பெயர் வைத்து விற்கிறான். இங்கே கொம்பும் தோலும் தவிர எல்லாமே மெனு.

நான் வாயைப் பிளந்த இடம் இதுதான்: கடையில் கறிக்கு ஃப்ரிட்ஜே இல்லை! குளிர்பானத்துக்கு ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைக்கத் தொடங்கும். ஸ்டேக் போடுகிறவர்கள் அந்த விறைப்பு தளரும்வரை காத்திருப்பதோடு விடுவதில்லை. உறையாத அளவுக் குளிரில் வாரக்கணக்கில் வைத்து, சதைக்குள் இருக்கும் நொதிகளே நாரை இளக்கும்வரை பொறுமையாக இருக்கிறார்கள். நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் 1887-இல் தொடங்கிய பீட்டர் லூகர் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அப்படிப் பழுக்கவைத்த கறிதான். நம்ம மாஸ்டர் நேர் எதிர்க் கட்சி. விடிகாலை ஆடு, மத்தியானம் இலை. குளிர்அறை செய்கிற வேலையை நெருப்பிடம் ஒப்படைத்துவிடுகிறார். நின்று நிதானமாக வேகும்போது கறியைக் கட்டிப் பிடித்திருக்கும் ஜவ்வு கரைந்து ஜெலட்டின் ஆகிவிடும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் முன் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டுகிறதே, அது எண்ணெய் மட்டும் இல்லை, இந்த ஜெலட்டினும்தான்.

சுக்காவுக்கு முதலில் மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்தார். வெந்த தண்ணீரைக் கொட்டவில்லை, பக்கத்தில் வைத்தார். இரும்புச் சட்டியில் கடலெண்ணெய், காய்ந்த மிளகாய், கைநிறையக் கறிவேப்பிலை, சின்ன வெங்காயம். வெங்காயம் அரியவில்லை, தட்டிப் போட்டார். கறி விழுந்ததும் அந்தத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றி ஊற்றிச் சுண்டவிட்டார். ஒரு கரண்டி வற்றிய பிறகுதான் அடுத்த கரண்டி. அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் அது குழம்பாகிவிடுமாம். கடைசியில் உரலில் இடித்த மிளகு. தூள் இல்லை, ஒன்றிரண்டாக உடைத்தது. வாசம் கிளம்பியது பாருங்கள், பூனை எழுந்து உட்கார்ந்துவிட்டது! "எந்த ஊர் மிளகு?" என்றேன். "செவ்வாப்பேட்டையில வாங்குறது. மலை மிளகுதான்." எங்கள் மிளகு எனக்கு முன்னாலேயே மலை இறங்கி வந்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறது!

கல்லாவுக்கு மேலே மாலையோடு இருக்கும் சாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரை மாவட்டம் கள்ளிக்குடி பக்கம் வடக்கம்பட்டி, அங்கே கோயில் கொண்டிருக்கும் முனியாண்டிதான் இத்தனை கடைக்கும் குலசாமி. 1930-களில் அந்த ஊர் சுப்பா நாயுடு காரைக்குடியில் திறந்ததுதான் முதல் கடை என்று ஊரில் சொல்வார்கள். அவர் பிழைத்துக்கொண்டதைப் பார்த்து உறவுக்காரர்களும் ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு ஊரில் அதே பெயரில் கடை போட்டார்கள். தலைமை அலுவலகம் கிடையாது, ராயல்டி கிடையாது. கடைக்குக் கடை மசாலா வேறு, முதலாளி வேறு. தினமும் முதல் விற்பனைக் காசு சாமிக்கு என்று உண்டியலில் விழும். தை மாதம் ஊரில் திருவிழா வந்தால் முதலாளிகள் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். நூற்றுக்கணக்கில் ஆடும் சேவலும் வெட்டி, ராவோடு ராவாக அண்டா அண்டாவாகப் பிரியாணி வெந்து, விடியும்போது வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் பிரசாதமாகக் கிடைக்கும். பிரியாணிதான் பிரசாதம்! இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த மண்ணில் பிறந்ததில் பெருமைப்படுகிறேன்.

பன்னிரண்டே காலுக்கு முன்பக்கம் இரைச்சல் தொடங்கியது. "மூணாம் டேபிள் ஒரு சுக்கா, ரெண்டு ஹாஃபாயில், ஒரு தலைக்கறி!" சப்ளையர் எதையும் எழுதுவதில்லை. கூவுகிறார், உள்ளே இருந்து பதில் கூவல் வருகிறது, தட்டு பறக்கிறது. இலைக்கு இலை குழம்பு வாளி போகிறது. மட்டன் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, எது வேண்டுமோ எத்தனை தடவை வேண்டுமோ, கேட்டால் ஊற்றுவார்கள். குழம்புக்குக் காசு கிடையாது, தொட்டுக்கொள்வதற்குத்தான் காசு. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவன் புத்திசாலி. ஒரே ஒரு ஆம்லெட்டை வைத்துக்கொண்டு மூன்று குழம்பையும் முடித்த ஒரு மாணவனைப் பார்த்தேன். சப்ளையர் முகம் சுளிக்கவில்லை, நாலாவது தடவையும் வாளியோடு வந்தார். பக்கெட் பிரியாணியை ஆப்பில் ஆர்டர் செய்கிற பிள்ளைகளுக்கு இந்த உபசாரம் எங்கே கிடைக்கும்?

மூன்று மணிக்கெல்லாம் சட்டி வழித்தாயிற்று. மிஞ்சியது என்று ஒன்றும் இல்லை, மாஸ்டரும் பையன்களும் சாப்பிட எடுத்துவைத்த கிண்ணத்தைத் தவிர. அளவு எப்படித் தெரியும் என்றேன். கிழமையையும் முகூர்த்தத்தையும் காலண்டரில் பார்த்து முந்தின ராத்திரியே ஆட்டுக்காரருக்குச் சொல்லிவிடுவாராம். ஞாயிற்றுக்கிழமை அதிகம், அமாவாசை அன்று பாதி. கம்ப்யூட்டர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. தினசரிக் காலண்டர் ஒன்று, ஆணியில் தொங்குகிறது.

நீங்களும் போகலாம். சுவரொட்டியும் மூளையும் வேண்டுமென்றால் பன்னிரண்டரைக்கு முன்னால் இலை முன் உட்கார்ந்துவிடுங்கள், அதற்குப் பிறகு வந்து வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. அடுப்படியையும் பார்க்க ஆசையா? அப்படியானால் புரட்டாசியில் போங்கள். கூட்டம் இருக்காது, மாஸ்டருக்குப் பேச நேரம் இருக்கும்.