பார்வை மங்கும்போது மனமும் சோரலாம்: நீரிழிவுக் கண்நோயும் மனச்சோர்வும்

இரத்தத்தில் சீனியின் அளவு நீண்ட காலம் உயர்ந்திருந்தால், கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சேதமடைகின்றன. அவற்றிலிருந்து நீர் கசியலாம், இரத்தமும் வடியலாம். தொடக்கத்தில் வலியோ மங்கலோ இராது. இதனாலேயே 12 வயதும் அதற்கு மேலும் ஆன நீரிழிவாளர்களை என்.எச்.எஸ். கண் படப் பரிசோதனைக்கு அழைக்கின்றது. இவ்வளவும் நம்மவர் பலர் அறிந்ததே. கண்நோய் வந்த பின் மனத்துக்கு நேர்வதைப் பற்றித்தான் வீடுகளில் பேச்சுக் குறைவு.

நீரிழிவு உள்ளவர்களிடையே மனச்சோர்வு ஏனையோரைவிட ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்படுகின்றது. பார்வையும் குன்றத் தொடங்கினால் சுமை மேலும் கூடுகின்றது. பத்திரிகையின் எழுத்துகள் கலங்குகின்றன. வாகனம் ஓட்டுவதை நிறுத்த நேர்கின்றது. கோயிலில் எதிரே வருபவரின் முகம் தெரியாமல் கடந்து சென்றால் தலைக்கனம் என்று எண்ணுவார்களோ என அஞ்சி, சிலர் கோயிலுக்குப் போவதையே விட்டுவிடுகின்றனர். கண்ணுக்குள் ஊசிமருந்து ஏற்றும் சிகிச்சையைத் தொடக்கத்தில் மாதந்தோறும் பெற வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் 'இனி என்ன சொல்வார்களோ' என்ற கலக்கம். ஓரளவு நன்றாகவே பார்க்கக்கூடியவரும் இந்த அச்சத்தால் ஒடுங்கிப்போகலாம். பார்வை குறைந்த அளவைக் கொண்டு மனம் சோர்ந்த அளவைக் கணிக்க முடியாது.

குடும்பத்தார் இதனை 'வயது போனால் இப்படித்தான்' என்றோ, சோம்பல், பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்கின்றனர். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் துயரமாக இருத்தல், முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் மாறுதல், 'நான் எல்லோருக்கும் பாரம்' என்ற பேச்சு ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். நம் முதியோர் பலர் கவலை என்று சொல்ல மாட்டார்கள். உடல் உளைவு, தலையிடி, நெஞ்சில் பாரம் என்றே சொல்வார்கள். நெஞ்சுவலியை மனச்சோர்வு என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம்; உடனே வைத்திய உதவி பெறுங்கள்.

மனம் சோர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுகின்றார், சீனியை அளப்பதில்லை, கண் வைத்தியசாலைத் தவணைக்கும் செல்வதில்லை. சீனி ஏறுகின்றது, கண் மேலும் கெடுகின்றது. ஆகவே மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவது கண்ணைக் காக்கும் முயற்சியின் ஒரு பகுதியே ஆகும்.

முதலில் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். மொழி தடையாக இருந்தால், தவணை எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் எனக் கேளுங்கள், கட்டணம் இல்லை. பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்ல வேண்டாம். 'வாழவே பிடிக்கவில்லை' என்பதை எந்தத் தாத்தா தன் பேத்தியின் வாயால் வைத்தியருக்குச் சொல்வார்? இங்கிலாந்தில் வசிக்கும் 18 வயதுக்கு மேற்பட்டோர், வைத்தியரின் கடிதமின்றித் தாமாகவே என்.எச்.எஸ். பேச்சு சிகிச்சைக்கு விண்ணப்பிக்கலாம். வைத்தியர் மருந்து தந்தால், பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். அவரைக் கேளாமல் திடீரென நிறுத்தக் கூடாது.

இன்னொன்றையும் இங்கே கூற வேண்டும். பார்வை பெரிதும் குறைந்த சிலருக்கு, இல்லாத மனிதர்களோ பூவேலைக் கோலங்களோ கண்முன் தோன்றும். இதற்கு சார்ள்ஸ் பொனே நோய்க்குறி என்று பெயர். கண்ணிலிருந்து போதிய தகவல் வராதபோது மூளை தானே உருவங்களை உண்டாக்குகின்றது. இது பைத்தியமும் அல்ல, பேயும் அல்ல. மறைத்து வைத்து வருந்தாமல் கண் வைத்தியரிடம் கூறுங்கள்.

பார்வை குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைந்திருந்தால், கண் வைத்திய நிபுணர் பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழ் வழங்குவார். அதன் பிரதி உங்கள் சம்மதத்துடன் உள்ளூராட்சி சபைக்கு அனுப்பப்படும். சபையின் பதிவேட்டில் பெயரைச் சேர்ப்பது உங்கள் விருப்பம். இதனை அவமானமாகக் கருதித் தவிர்ப்போர் உண்டு, இழப்பு அவர்களுக்கே. பதிவு செய்யாவிட்டாலும் உங்கள் தேவைகளை மதிப்பிடுமாறு சபையைக் கேட்கலாம். பயிற்சி பெற்ற அலுவலர் வீட்டுக்கு வந்து, அடுப்பின் திருகில் தடவி உணரும் புள்ளி ஒட்டுவது, தேநீர் நிரம்பியதும் ஒலிக்கும் கருவியைப் பயன்படுத்துவது, தனியே வீதியில் நடப்பது போன்றவற்றைக் கற்பிப்பார். தன் தேநீரைத் தானே ஊற்றிக் குடிக்க முடிவது மனத்துக்கும் மருந்துதான். ஆர்.என்.ஐ.பி. எனும் பார்வையற்றோர் நிறுவனத்தின் உதவி இலக்கம் 0303 123 9999.

இன்சுலின் போடுபவர் 'இனி ஊசி வேண்டாம்' என்று மறுத்தால் அதனை வெறும் சலிப்பாகக் கொள்ளாதீர்கள். இறக்க எண்ணுகின்றாரா என நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. அவசர மனநல உதவிக்கு 111 ஐ அழைத்து 2 ஐ அழுத்தலாம். சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 இல் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து எனில், அல்லது இன்சுலின் நிறுத்தியவருக்கு வாந்தியோ மயக்கமோ ஏற்பட்டால், தாமதியாது 999 ஐ அழையுங்கள்.