கலெக்டர் என்னும் பதம்

கலெக்டர் என்ற சொல்லைக் கேட்டறியாத கிராமம் நம் நாட்டில் இல்லை. அதன் பொருளை விசாரித்தவர்களோ வெகு சிலர். லத்தீன் பாஷையில் ‘லெகெரே’ என்றால் பொறுக்குதல், தெரிந்தெடுத்தல், வாசித்தல். ஒன்றுசேர்த்தலைக் காட்டும் முன்னொட்டு அதனுடன் கூடவே, திரட்டுகிறவர் கலெக்டரானார். தபால் தலை சேகரிப்பவரும் கலெக்டர், ரயிலில் டிக்கட் கேட்பவரும் கலெக்டர், முனிசிபாலிடி வரிச்சீட்டுடன் வாசலில் நிற்பவரும் பில் கலெக்டர். ‘எலெக்ஷன்’ என்பதும் அதே வேரில் முளைத்த சொல்தான். ஆயினும் ஜில்லா கலெக்டர் எவரையும் ஜனங்கள் தெரிந்தெடுத்ததில்லை.

1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் வங்காளத்தில் இப்பதவியை ஏற்படுத்திய கம்பெனியார் தங்கள் நோக்கத்தை ஒளிக்கவில்லை. நிலவரி திரட்டுவதற்கே ஆள் வைத்தார்கள். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கைமாறியதும், கிருஷ்ணகிரிச் சீமைக்கு அவ்வேலையாக வந்தவர்கள் காப்டன் ரீடும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும். இருவரும் பட்டாளத்தார். ஓசூர்ப் பகுதி 1799-இல் சேர்ந்தது. குடியானவனிடம் நேரே வரி வாங்கும் ரயத்துவாரி முறை முதலில் பரீட்சிக்கப்பட்டது பாராமகாலில்தான். பிறகு 1816-இல் சென்னை ராஜதானியில் மாஜிஸ்டிரேட் அதிகாரமும் போலீஸும் கலெக்டரிடமே ஒப்படைக்கப்பட்டன. கேட்கிறவரும் அவரே, கொடாதவனைப் பிடிக்கிறவரும் அவரே!

இன்று ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தால், அதே உத்தியோகஸ்தருக்கு டெபுடி கமிஷனர் என்று பெயர், கன்னடத்தில் ஜில்லாதிகாரி. 1831 முதல் 1881 வரை மைசூரைக் கமிஷனர்கள் ஆண்டதன் மிச்சம் அது. பெயர் மாறினால் நிர்வாகம் குலைந்துவிடும் என்று அஞ்சுவோர் அத்திப்பள்ளி வரை போய்வரலாம்.

தமிழில் நாம் செய்த மொழிபெயர்ப்புத்தான் விநோதம். திரட்டுகிறவரை ‘மாவட்ட ஆட்சியர்’ ஆக்கினோம். அந்நியன் வசூல்காரர் என்று கூச்சமின்றிச் சொன்னான். சுயராஜ்யம் பெற்ற நாமோ அவரை ஆள்பவர் என்கிறோம். குடியரசில் ஆள்பவர்கள் குடிகளல்லவா?

2004-இல் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாகித் தனக்கென ஒரு கலெக்டரைப் பெற்றது. தேர்தல் நடத்துவதும் பஞ்ச நிவாரணம் பார்ப்பதும் இன்று அவர் கடமை. அவ்வுழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1894-ஆம் வருஷத்து நிலமெடுப்புச் சட்டத்தில் ஈட்டுத்தொகையை நிர்ணயித்தவர் கலெக்டர். அதை நீக்கி வந்த 2013-ஆம் வருஷச் சட்டத்திலும் அவரே. தொழிற்பேட்டைகள் பெருகும் ஓசூர்ப் பக்கத்தில் இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. சர்க்காருக்காகப் பூமியைத் திரட்டுகிறவரே அதன் விலையையும் சொல்லுவது 1816-ஆம் வருஷத்து ஏற்பாட்டின் சாயலே. விலையை முதலிலேயே நியாயாதிபதி ஒருவர் தீர்மானிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.