மோட்டார் இல்லாத பாதையில், ஐம்பதுக்குப் பிறகு ஒரு சைக்கிள் பயணம்

ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் ஏன் சைக்கிளை விட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முழங்கால் வலி என்று சிலர் சொல்வார்கள். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பஸ்ஸையும் உரசுகிற மாதிரி போகும் லாரியையும் நினைத்தாலே கை நடுங்குகிறது என்று பலர் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தோடு சேர்த்து, இதயத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மூட்டுகளுக்கும் ஏற்ற ஓர் உடற்பயிற்சியையும் கைவிட்டுவிடுகிறோம். வண்டிகளே வராத நீண்ட பாதை ஒன்று கிடைத்தால், மறுபடி மிதிக்கத் தொடங்குவதற்கு இருக்கும் பெரிய தடை நீங்கிவிடும். அப்படி ஓர் இடம்தான் இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் இருக்கும் மேல் டெர்வென்ட் பள்ளத்தாக்கு.

மலைக்கு நடுவே மூன்று அணைகள்

ஷெஃபீல்டு நகருக்கு மேற்கே, மேட்டுநிலப் புல்வெளிகளுக்குக் கீழே, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. மேலே ஹவ்டன், நடுவில் டெர்வென்ட், கீழே லேடிபவர். ஹவ்டன் அணை 1912இலும் டெர்வென்ட் அணை 1916இலும் கட்டி முடிக்கப்பட்டன. லேடிபவர் அணையை 1945இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்தார். அந்த நீருக்கடியில் ஆஷப்டன், டெர்வென்ட் என்ற இரண்டு கிராமங்கள் போயின. கரைச் சரிவுகளில் பைன், லார்ச் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன.

முதல் இரண்டு அணைகளைக் கட்டிய தொழிலாளர்களுக்காக இங்கே பர்ச்சின்லீ என்ற தகரக் குடியிருப்பு ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம், பொதுக் குளியலறை, விபத்து மருத்துவமனை, தொற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை எல்லாம் அங்கே உண்டு. புதிதாக வேலைக்கு வருபவரைச் சில நாள் தனியே வைத்துச் சுத்தப்படுத்திய பிறகே ஊருக்குள் விடுவார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு கூலித் தொழிலாளியின் உடல்நலத்தை இவ்வளவு கருத்தாகப் பார்த்த இடம் என்பதற்காகவே, அந்தக் குடியிருப்பு இருந்த மேற்குக் கரையில் கொஞ்சம் நின்று போகலாம்.

சைக்கிள்காரர்களுக்கு முக்கியமான செய்தி இது. ஃபேர்ஹோம்ஸ் என்ற இடத்திலிருந்து மேற்குக் கரையோரமாகக் கிங்ஸ் ட்ரீ வரை போகும் சுமார் 7 கிலோமீட்டர் தார்ச்சாலையில், சனி, ஞாயிறு, பொதுவிடுமுறை நாட்களில் பொதுமக்களின் கார்களை விடுவதில்லை. அதற்கப்பால் சாலை முடிந்து மண்தடம் தொடங்குகிறது. ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் ஒரு பழைய கற்பாலம் வரும். மூழ்கிய டெர்வென்ட் கிராமத்திலிருந்து கல் கல்லாகப் பிரித்துக்கொண்டு வந்து 1959இல் இங்கே திரும்பக் கட்டிய பாலம் அது. அதைக் கடந்து கிழக்குக் கரை வழியாகத் திரும்பினால், முழுச் சுற்று சுமார் 16 கிலோமீட்டர். கிழக்குப் பக்கம் சரளைக் கற்கள் நிறைந்தது, சில இடங்கள் கரடுமுரடானவை. ஆகவே முதல் முறை போகிறவர்கள் தார்ச்சாலையில் போய் அதே வழியில் திரும்புவதே நல்லது. சுற்றை முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஃபேர்ஹோம்ஸில் வாடகைக்குச் சைக்கிள் கிடைக்குமா, மோட்டார் துணையோடு ஓடும் மின்சைக்கிள் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

நம் உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. மிதிக்கும்போது உழைப்பவை அவையே. உழைக்கும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் பல மணி நேரம் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். தெற்காசியர்களான நமக்கு இது சாதாரண விஷயம் அல்ல. ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. அதனால்தான் பி.எம்.ஐ. என்னும் உடல் எடைக் குறியீடு 25 ஆகும்வரை காத்திருக்காமல், 23ஐத் தொட்டாலே நாம் கவனமாக இருக்க வேண்டும் என்று பிரிட்டன் மருத்துவ வழிகாட்டல் சொல்கிறது.

உடல் எடையின் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்வதால் முழங்காலில் அடி விழுவதில்லை. மூட்டுத் தேய்மானம் உள்ள பலருக்கும் நடப்பதைவிட மிதிப்பது எளிதாக இருப்பதற்கு இதுவே காரணம். இதில் ஒரு குறையும் உண்டு. எலும்பு வலுப்பட அதன் மேல் சுமை ஏற வேண்டும், சைக்கிள் அந்தச் சுமையைத் தருவதில்லை. மாதவிடாய் நின்ற பெண்கள் சைக்கிளோடு நடையையும் விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தது. நீர்த்தேக்கக் கரையில் இரண்டரை மணி நேரம் மிதித்தால் அந்தக் கீழ் எல்லையை எட்டிவிடலாம். மிதமான வேகம் எது என்பதை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர்கள் கைக்கடிகாரத்தில் தெரியும் எண்ணைவிட இந்தப் பேச்சுச் சோதனையையே நம்ப வேண்டும்.

மிதிக்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம். நெரிசல் மிகுந்த சாலையில் அந்தக் காற்றோடு டீசல் புகையின் நுண்துகளும் நுரையீரலின் அடிவரை போகும். அப்படியிருந்தும், பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், வேலைக்குச் சைக்கிளில் போனவர்களிடம் அகால மரணம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிள் மட்டுமே அதற்குக் காரணம் என்று இந்த வகை ஆய்வை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அது. இங்கிலாந்தில் சுமார் 20 ஆயிரம் பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது இயற்கைச் சூழலில் இருப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகக் கூறும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. டெர்வென்ட் கரையில் சைக்கிள் பயிற்சியும் இயற்கைச் சூழலும் ஒரே காலைப்பொழுதில் கைகூடுகின்றன.

ஏறி உட்காரும் முன்

மிதிக்கும்போது வரும் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் சீட்டின் உயரமே காரணம். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முட்டி இலேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். நம்மில் பலர் தரையில் இரண்டு காலும் பதிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்திவிடுகிறோம். முதல் பத்து நிமிடம், பயம் தெளியும்வரை, அப்படி இருக்கலாம். பிறகு உயர்த்திவிடுங்கள். இலகுவான கியரில் வேகமாக மிதிப்பதே மூட்டுக்கு நல்லது. கடினமான கியரில் அழுத்தி மிதித்தால் மறுநாள் முட்டி வலிக்கக்கூடும். இப்போதைய டிஸ்க் பிரேக்குகள் நம் ஊர்ப் பழைய கம்பி பிரேக்கைப் போலக் கெட்டியாக இழுக்க வேண்டியவை அல்ல, இரண்டு விரலால் மெல்லத் தொட்டாலே பிடிக்கும். அவசரத்தில் முன் பிரேக்கை மட்டும் பலமாகப் பிடித்தால் தலைகுப்புற விழ நேரிடும்.

நெஞ்சுவலி, மாரடைப்பு, ஸ்டென்ட் என்று ஏதாவது இருந்தவர்கள், அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்கள், அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. இன்சுலின் போடுபவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் புறப்படும் முன் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, குளுக்கோஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். புளியோதரைப் பொட்டலத்தைத் திரும்பி வந்து பிரிக்கலாம். வயிறு நிறையச் சாப்பிட்டு மிதிப்பது யாருக்கும் நல்லதல்ல.

மலைக்காட்டுக்கே உரிய ஆபத்துகள்

ஜூலை மாதத்திலும் இங்கே மழையும் குளிர்காற்றும் திடீரென்று வரும். நனைந்த பருத்தி உடை உடல்சூட்டை இழக்கச் செய்யும். மெல்லிய உடைகளை அடுக்காகப் போட்டு, மேலே மழைச்சட்டை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் கைபேசி சிக்னலை நம்ப முடியாது என்பதால் தனியாகப் போகாதீர்கள்.

ஆடுகளும் மான்களும் மேயும் புல்லில் உண்ணிகள் இருக்கும். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். வீடு திரும்பியதும் முட்டியின் பின்புறம், இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களைப் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். நெருப்பு வைப்பது, எண்ணெய் தடவுவது எல்லாம் தவறு. அடுத்த சில வாரங்களில் வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் போங்கள். தொடக்கத்திலேயே ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் குணமாகிவிடும்.

நீர்த்தேக்கத்தில் இறங்கவே கூடாது. வெயில் காயும் நாளிலும் ஆழமான நீர் கடுங்குளிராக இருக்கும். குதித்தவுடன் மூச்சு திணறி நீரை உள்ளிழுத்துவிடுவோம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் வாழும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போகிறீர்கள், நல்லது. ஒரு சனிக்கிழமைக் காலையில் ஃபேர்ஹோம்ஸுக்கும் கூட்டிப் போங்கள். சீட்டைச் சரிசெய்து கொடுத்து, முதல் ஒரு கிலோமீட்டர் பக்கத்திலேயே மெதுவாக மிதித்து வாருங்கள். அது பழகிவிட்டால், அதைவிட நீண்ட சுற்று வடக்கே நார்தம்பர்லாந்தில் இருக்கிறது. அங்குள்ள கீல்டர் நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காட்டுக்குள்ளேயே போகும் பாதையின் நீளம் சுமார் 42 கிலோமீட்டர்.