உட்கார்ந்திருப்பதற்கான உடுப்பு

மார்கழியிலும் மின்விசிறி ஓடுகிற பேட்டை ஆதம்பாக்கம். இங்கே ஸ்வெட்டர் என்பது எப்போதோ ஊட்டிக்குப் போனபோது வாங்கி, பீரோவின் அடித்தட்டில் அந்துருண்டையோடு போட்டுவைத்த பொருள். அண்ணன் மகன் பிப்ரவரிக் கடைசியில் காஷ்மீருக்குப் போகிறான், தாச்சிகாம் தேசியப் பூங்காவில் ஹங்குல் மானைப் பார்க்க. எடுத்துப்போக வேண்டியதையெல்லாம் கட்டிலில் பரப்பி வைத்திருந்தான்: இரண்டு ஸ்வெட்டர், மங்கி குல்லா, கனத்த ஜெர்கின், ஜீன்ஸ், அரை டஜன் திருப்பூர் பனியன். "எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணா போட்டுக்கிட்டா தாங்கிடும் சித்தப்பா" என்றான்.

தாங்காது. ஏன் தாங்காது என்பதில் படிக்கப் படிக்கச் சுவையான இயற்பியல் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு மூட்டை கட்டினால் பாரமும் குறையும், செலவும் குறையும்.

முதலில் ஹங்குல். அமெரிக்காவின் ராக்கி மலைகளில் பனி விழத் தொடங்கிய பிறகும் வேட்டைக்காரர்கள் தேடிப்போகும் எல்க் மானும், நம் காஷ்மீரின் ஹங்குலும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஸ்ரீநகரை அடுத்த தாச்சிகாம், 141 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைக்காடு. 1910இல் காஷ்மீர் மகாராஜாவின் காப்புக்காடாக இருந்தது, 1981இல் தேசியப் பூங்காவானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 3,000 முதல் 5,000 வரை இருந்ததாகச் சொல்லப்படும் ஹங்குல்கள், 2021 கணக்கெடுப்பில் 261தான். துப்பாக்கியோடு போன மலைக்கு இன்று தொலைநோக்கியோடு போகிறோம். ஆனால் எல்க் வேட்டைக்காரனுக்கும் ஹங்குல் பார்க்கப் போகிறவனுக்கும் குளிர் வைக்கும் கணக்கு ஒன்றுதான். விடியுமுன் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க மேடேற வேண்டும். பிறகு ஒரு பாறையோரம் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும்.

சங்கடமே இந்த இரண்டையும் ஒரே காலையில் செய்வதில்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. மேடேறும்போது அது 500 வாட்டை எட்டிவிடும். உடை தரும் காப்பை அளக்க 1941இல் 'குளோ' என்ற அலகை வகுத்தார்கள். காற்று வீசாத, 21 டிகிரி வெப்பமுள்ள அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவரை இதமாக வைத்திருக்கும் கோட்டு சூட்டின் காப்புதான் ஒரு குளோ. இப்போது மைனஸ் 5 டிகிரியை எடுத்துக்கொள்வோம். தோலின் வெப்பநிலை 33 டிகிரி. வித்தியாசம் 38. உடல் உண்டாக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்கு மூச்சிலும் தோலின் ஈரத்திலும் போய்விடும், மீதி உடை வழியாகத்தான் வெளியேற வேண்டும். கணக்குப் போட்டால், அந்தக் குளிரில் அசையாமல் உட்கார ஏறத்தாழ 5 குளோ தேவை. அதே குளிரில் மேடேற ஒரு குளோகூட வேண்டியதில்லை.

அதே ஆள், அதே மலை, அதே காலைப்பொழுது. தேவை மட்டும் ஐந்து மடங்குக்கு மேல் மாறுகிறது. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு விடுதி வாசலில் கிளம்புகிறவன், உட்காருவதற்கான உடுப்போடு ஏறுகிறான். கால் மணி நேரத்தில் உள்ளே வியர்த்துக் கொட்டும்.

வியர்வையைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று தோன்றலாம். நமக்குத் தெரிந்தது அதன் ஒரு முகம்தான். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது, வழிகிற வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. மலையின் குளிர்ந்த காற்று தாங்கக்கூடிய நீராவி மிகச் சொற்பம். கதகதப்பான உடலையொட்டிய ஈரம் அந்த வறண்ட காற்றுக்குள் விறுவிறுவென்று போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான், அங்கே பானையாக இருப்பது நம் மார்பும் முதுகும். ஒரு கிராம் வியர்வை ஆவியாக சுமார் 2,400 ஜூல் வெப்பம் தேவை. பனியனில் 100 கிராம் வியர்வை ஊறியிருந்து, அது முழுவதும் உடல் சூட்டில் காய வேண்டுமானால் 2,40,000 ஜூல் போகும். உட்கார்ந்திருக்கும் உடல் 40 நிமிடங்களில் உண்டாக்கும் மொத்த வெப்பம் அது. நூறு கிராம் என்பது அரை டம்ளர்கூட இல்லை.

திருப்பூர் பனியன்மீது எனக்குத் தீராத மரியாதை உண்டு. சித்திரை வெயிலில் அதைவிட நல்ல துணி கிடையாது. ஆனால் பருத்தி இழை தண்ணீரை உள்ளே வாங்கி ஊதிக்கொள்கிறது, லேசில் விடாது. அண்ணன் மகனை நம்பவைக்க ஒரு பருத்திப் பனியன், விளையாட்டு வீரர்கள் போடும் பாலியெஸ்டர் பனியன், மெல்லிய மெரினோ கம்பளி உள்ளாடை மூன்றையும் ஒரே வாளியில் முக்கி, ஒரே மாதிரி பிழிந்து, கூடத்து மின்விசிறியின் கீழ் கொடியில் போட்டோம். பாலியெஸ்டர் முதலில் காய்ந்தது. கம்பளி அடுத்து. இரண்டையும் மடித்து வைத்த பிறகும் பருத்தியின் அக்குளிலும் கீழ்த் தையலிலும் விரல் வைத்தால் சில்லென்று இருந்தது. ஜீன்ஸும் பருத்திதான், அதைவிடத் தடித்த பருத்தி. இரண்டும் ஆதம்பாக்கத்திலேயே இருக்கட்டும் என்று அவனே எடுத்து வைத்தான்.

கம்பளியின் சூட்சுமம் வேறு. சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் கம்பளி தன் எடையில் சுமார் 16 சதவீத ஈரத்தை இழைக்குள்ளேயே வைத்திருக்கும். பருத்திக்கு அது 8.5, பாலியெஸ்டருக்கு வெறும் 0.4. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீராவியை வாங்கிக்கொண்ட பிறகும் தொட்டால் நனைந்ததுபோல இருக்காது. வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். 'கம்பளி குத்துமே' என்பது நம் ஊரில் எல்லாரும் சொல்வது. குத்துவது தடித்த இழை. மெரினோ இழையின் தடிமன் 20 மைக்ரான் அளவு, தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அது தோலில் பட்டு வளைந்துகொடுத்துவிடும்.

உடலோடு ஒட்டிய அடுக்கு கம்பளியோ பாலியெஸ்டரோ, ஏறும்போது அதன்மேல் மெல்லிய ஃப்ளீஸ் ஒன்று, அவ்வளவுதான். விடுதியை விட்டு இறங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அந்த ஐந்து நிமிட நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் முழுத் தயாரிப்பிலும் கடினமான பகுதி என்பேன், ஏனென்றால் குளிர் பழகாத நமக்குக் கை தானாகவே ஜெர்கினைத் தேடும். இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் பையில் இருக்கட்டும். உட்காரும் இடத்துக்கு வந்ததும், உடல் ஆறுவதற்குள், அதை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். சூடு தருவது இறகு இல்லை, இறகுகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று. அசையாத காற்றைப்போல ஏறக்குறைய 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது தண்ணீர். அதனால்தான் நனைந்த டவுன் சுருங்கித் தட்டையாகி எதற்கும் உதவாமல் போகிறது. அதன்மேல் காற்றை மறிக்கும் மெல்லிய மேலுடுப்பு ஒன்று அவசியம். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசினால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 12 போலத் தைக்கும்.

காஷ்மீரிகள் இதையெல்லாம் தங்கள் வழியில் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். பெரன் என்ற கம்பளி அங்கி முழங்கால்வரை தொளதொளவென்று தொங்கும். உள்ளே தங்கும் காற்றுதான் அதன் காப்பு. உட்கார்ந்ததும் பிரம்புக்கூடைக்குள் வைத்த மண்சட்டித் தணலான காங்க்ரியை அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள், எழுந்து வேலைக்குப் போகும்போது எடுத்துவிடுவார்கள். தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வெப்பம்! ஆனால் ஆண்டுக்கணக்கில் தொடையிலும் வயிற்றிலும் படும் அந்தச் சூடு தோல் புற்றுநோயில் கொண்டுபோய் விடுவதுண்டு. ஸ்ரீநகரில் பணியாற்றிய மருத்துவர் எர்னஸ்ட் நெவ் நூறாண்டுகளுக்கு முன்பே அதை விரிவாக எழுதியிருக்கிறார். விருந்தாளியாகப் போகிறவர் ஒரு மாலை காங்க்ரி வைத்துக்கொள்வதில் தவறில்லை.

கால் பற்றி ஒரு வார்த்தை. குளிருமே என்று இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்தால் காற்று பிதுங்கிப் போய்விடும், ரத்த ஓட்டமும் குறையும். விரல்கள் முன்பைவிடச் சீக்கிரம் மரத்துப்போகும். ஷூவை ஒரு அளவு பெரிதாக வாங்கி ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸ் போட்டால் போதும். ஏறி முடித்ததும் அந்த சாக்ஸைக் கழற்றி, பையிலிருக்கும் உலர்ந்த ஜோடிக்கு மாறுவது நல்லது. உட்கார ஒரு துண்டு ஃபோம் பாய் வேண்டும், கூடவே பாதத்தின் கீழும் ஒன்று போட்டால் தரைக்குப் போகும் வெப்பம் மிச்சம். கைக்கு மெல்லிய விரலுறை, அதன்மேல் நான்கு விரல்களும் சேர்ந்திருக்கும் தடித்த உறை. கேமரா பேட்டரிகள் சட்டையின் உள்பையில் இருக்கட்டும், குளிரில் அவற்றின் திறன் விறுவிறுவென்று இறங்கும்.

இத்தனையும் நம் சௌகரியத்துக்காக மட்டும் இல்லை. நான் இதை எழுதுவதே அந்த மானுக்காகத்தான். ஹங்குலும் குளிர்கால உடுப்பு போட்டிருக்கிறது. வெளியே நீண்ட ரோமம், அந்த ரோமத்துக்குள்ளேயே காற்றறைகள், அடியில் மென்மயிர். ஆனால் குளிர்காலக் கடைசியில் அதன் உடம்பில் கொழுப்பு கரைந்திருக்கும், மேய்ச்சல் அரிது. ஐரோப்பாவின் செம்மான் ஹங்குலுக்கு நெருங்கிய உறவு. வால்டர் ஆர்னால்டும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மான்கள் குளிர்கால இரவுகளில் வளர்சிதை மாற்றத்தையே குறைத்துக்கொள்வதும், அப்போது தோலடி வெப்பநிலை 15 டிகிரிவரை இறங்குவதும் தெரியவந்தது. இப்படிச் சிறுகச் சிறுகச் சேமிக்கும் பிராணியை ஒருமுறை விரட்டினால், பனியில் அது ஓடும் ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவு. குளிர் தாங்காதவன் எழுந்து நடப்பான், கையைத் தேய்ப்பான், இன்னும் கிட்டே போய்ப் படமெடுத்துவிட்டுச் சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று நினைப்பான். நல்ல உடுப்புள்ளவன் தூரத்தில் உட்கார்ந்தே இருப்பான்.

மேலுடுப்பு வாங்கும்போது கடையிலேயே முழங்கையை மடக்கிப் பார்க்கச் சொன்னேன். சரசரவென்று சத்தம் போடும் துணி காட்டுக்கு ஆகாது. மான் காதை நம்பி வாழ்கிற பிராணி, அதைவிட மூக்கை நம்பி. வாசனை இல்லாத சோப்பில் துணி துவைக்க வேண்டும், சென்ட் கூடாது, தேங்காய் எண்ணெயும் வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்து புட்டியிலிருந்து வரவும் வராது. துணியை மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம், இழைகளில் படிந்து ஈரம் வெளியேறுவதைக் கெடுத்துவிடும்.

வாங்கியதையெல்லாம் நேரே காஷ்மீருக்குக் கொண்டுபோகாமல் ஜனவரியில் ஒருமுறை ஊட்டிக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். தலைக்குந்தாவில் உறைபனி கொட்டும் விடியற்காலையில் வெப்பம் பூஜ்யத்துக்கு இறங்கும். பையைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் அரை மணி நேரம் வேகமாக மேடேற வேண்டும். பிறகு டவுனைப் போட்டுக்கொண்டு ஃபோம் பாயில் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். முதலில் குளிர்வது கழுத்தா, மணிக்கட்டா, பாதமா என்று பார்த்துக் குறித்துக்கொண்டால், எதை மாற்றுவது என்று பிப்ரவரிக்குள் முடிவு செய்துவிடலாம்.