யார் பக்கத்துக் குறை?

குழந்தைக்குத் தீராத நோய் என்று தெரிந்தால் நம் வீடுகளில் முதலில் பிறக்கும் கேள்வி, "இது யார் பக்கத்து வியாதி?" என்பதுதான். கேட்பவர் பெரும்பாலும் மாமியார். தலை குனிபவர் பெரும்பாலும் மருமகள். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் அடுக்கு மாடிகள் எழும்பிவிட்டன. கேள்வி மட்டும் பழைய கேள்வியேதான்!

இப்போது அதற்குப் பதில் சொல்ல ஒரு காகிதம் வந்திருக்கிறது. குழந்தையின் ரத்தத்தில் சிறிது எடுத்து, மரபணுவைப் பரிசோதித்துத் தரும் ரிப்போர்ட் அது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால், அரசுக் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையின் கீழ் சிறப்பு மையங்களில் அதுவும் ஒன்று.

அந்தக் காகிதம் என்னதான் சொல்கிறது? ரத்தம் ஊறாத தலசீமியா நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். தாய், தகப்பன் இருவரும் 'கேரியர்' என்பார்கள் டாக்டர்கள். சாப்பாட்டுக் கேரியர் அல்ல! மாறிய மரபணு ஒன்றைச் சுமந்தும் தாங்கள் சுகமாக இருப்பவர்கள் என்று பொருள். இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று சேர்ந்தால்தான் குழந்தைக்கு நோய். தாய் பாதி, தகப்பன் பாதி. பழி மட்டும் முழுவதும் அவளுக்கா?

தசை நலியும் டுஷேன் நோய் தாய் வழியாக வருவதுதான். ஆனாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு அந்த மாறுதல் புதிதாகவே உண்டாகிறது. தாயிடம் அது இருப்பதில்லை. இருந்தாலும்தான் என்ன? அவள் கேட்டு வாங்கி வந்த சீதனமா அது?

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 28 பெண்கள் சொந்தத்தில் மணந்தவர்கள். அத்தை மகனையோ தாய்மாமனையோ மணந்த வீட்டில் "யார் பக்கம்?" என்று கேட்பது வேடிக்கை அல்லவா? இரண்டும் ஒரே பக்கம்தானே!

ரிப்போர்ட் வாங்கப் போகும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். தமிழில் சொல்லும்படி கேளுங்கள். சிகிச்சை என்ன, அடுத்த குழந்தைக்கு வருமா, உறவில் யாரைப் பரிசோதிக்க வேண்டும் என்ற மூன்றையும் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள். "பொருள் தெளிவாகவில்லை" என்றும் சில ரிப்போர்ட்டுகள் வரும். அதை வைத்துப் பெரிய முடிவு எதுவும் எடுக்க வேண்டாம்.

தலசீமியாவில் "நாலில் ஒன்று" என்றால், ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று தப்பிவிடும் என்று அர்த்தமல்ல. ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவது போலத்தான். கர்ப்பத்தின் 11-வது வாரம் முதல் அதையும் பரிசோதித்துப் பார்க்க வழியிருக்கிறது.

வீட்டில் ஆரோக்கியமாக இருக்கும் பெண் குழந்தை கேரியரா என்று அறிய அவசரப்படாதீர்கள். அவள் வளர்ந்து தானே தீர்மானிக்கட்டும். நோயுள்ள குழந்தையிடம், "இது உன்னால் வந்ததல்ல, கண்ணே" என்று முதலில் சொல்லுங்கள்.

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை பெறப் போகும் நாத்தனாரிடமும் தங்கையிடமும் மறைக்காதீர்கள். பழிக்கு அஞ்சி ஒருத்தி வாய் மூடினால், இன்னொரு தொட்டிலில் அதே நோய் வந்து படுத்துக்கொள்ளும். அவள் வாய் திறக்க வேண்டுமானால், மாமியார்மார்களே, அந்தப் பழைய கேள்வியை நீங்கள்தான் முதலில் கைவிட வேண்டும்!